எர்ல் கேம்பல்: நான்கு ஆண்டுகளில் செலவான உடல்

1978 நவம்பர் 20, திங்கட்கிழமை இரவு. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் உள்ள ஆஸ்ட்ரோடோம் அரங்கில் நீலமும் வெள்ளையுமான குஞ்சங்கள் ஆயிரக்கணக்கில் ஆடிக்கொண்டிருந்தன. மயாமி டால்பின்ஸ் அணியுடனான அமெரிக்கக் கால்பந்து ஆட்டம் முடிய இன்னும் ஒன்றரை நிமிடம்கூட இல்லை. உள்ளூர் அணியான ஹூஸ்டன் ஆயிலர்ஸ் ஐந்து புள்ளிகள் முன்னிலையில் இருந்தது. பந்து அதன் கையில்தான். ஆனால் எதிரணியின் எல்லைக்கோடு 81 யார்டு (ஏறத்தாழ 74 மீட்டர்) தள்ளியிருந்தது. இரவு முழுக்க அடி வாங்கிக் கால் ஓய்ந்திருக்க வேண்டிய 23 வயது இளைஞர் ஒருவர் பந்தை வாங்கி, வலப்பக்கக் கோட்டை ஒட்டி ஓடினார். ஒருவராலும் அவரைப் பிடிக்க முடியவில்லை. ஆயிலர்ஸ் 35-30 என்று வென்றது. 28 முறை பந்தைச் சுமந்து 199 யார்டு, நான்கு டச் டவுன் (பந்தோடு எதிரணியின் எல்லைக்கோட்டைக் கடந்து புள்ளி எடுப்பது). தொழில்முறை ஆட்டத்தில் அது அவருக்கு முதல் ஆண்டு. அவர் பெயர் எர்ல் கேம்பல்.

அதே மனிதருக்குப் பிற்காலத்தில் கைவிரல்களை மடக்கி முஷ்டி பிடிக்க முடியாமல் போனது. நடக்க ஊன்று சட்டமும் சக்கர நாற்காலியும் தேவைப்பட்டன. இந்த இரண்டுக்கும் இடையே என்ன நடந்தது என்பதை ஆண்டுவாரியாகவும் எண்ணிக்கைவாரியாகவும் பிரித்துப் பார்ப்பதே இந்த ஆய்வு. 'பந்தை அதிகம் கொடுத்தார்கள், உடல் கெட்டது' என்ற ஒற்றை வரி விடை பலராலும் சொல்லப்படுகிறது. அது பாதி உண்மை என்பதே என் கருத்து. மீதிப் பாதியைத் தேடியபோதுதான் இந்தக் கதையின் கனம் எனக்குப் புரிந்தது.

ஆட்டத்தை அறியாதவர்களுக்குச் சில வார்த்தைகள். அமெரிக்கக் கால்பந்தில் அணிக்குப் பதினொரு பேர். பந்து வைத்திருக்கும் அணி நான்கு முயற்சிகளுக்குள் பத்து யார்டு முன்னேற வேண்டும். முன்னேறினால் மேலும் நான்கு முயற்சிகள் கிடைக்கும். பந்தை எறிந்து முன்னேறலாம், அல்லது ஒருவர் கையில் கொடுத்து ஓடவிடலாம். அப்படி ஓடுபவரே ரன்னிங் பேக். அவர் ஒருமுறை பந்தை வாங்கி ஓடுவது ஒரு கேரி. கபடியில் பாடிச் செல்பவரை ஏழு பேர் வளைத்து அமுக்குவதைப் பார்த்தவர்களுக்கு இந்த வேலையின் தன்மை சட்டென்று விளங்கும். ஆனால் இங்கே மோதுபவர்களில் பலர் நூறு கிலோவுக்கு மேல், முழு வேகத்தில், தலைக்கவசத்தோடு வருகிறார்கள். ஒரே ஆட்டத்தில் இருபது, முப்பது முறை அது நடக்கிறது.

டைலர் நகரத்துப் பையன்

கேம்பல் 1955 மார்ச் 29 அன்று டெக்சாஸ் மாநிலத்தின் டைலரில் பிறந்தார். பதினொரு பிள்ளைகளில் ஆறாவது. டைலர் ரோஜா வளர்ப்புக்குப் பேர் பெற்ற ஊர். குடும்பமே ரோஜாத் தோட்டங்களில் உழைத்தது. எர்லுக்குப் பதினொரு வயதாக இருந்தபோது தந்தை இறந்துவிட்டார். தாய் ஆன் கேம்பல் பிள்ளைகள் அத்தனை பேரையும் தனியாளாக வளர்த்தார். பிற்காலத்தில் 'டைலர் ரோஸ்' என்ற பட்டப்பெயர் எர்லுக்கு ஒட்டிக்கொண்டபோது பலர் அதை அழகான அடைமொழியாக மட்டுமே எடுத்துக்கொண்டார்கள். அந்த வீட்டுக்கு ரோஜா என்பது கூலி வேலை.

டைலரின் பள்ளிகளில் கறுப்பின, வெள்ளையினப் பிள்ளைகள் ஒன்றாகப் படிக்கத் தொடங்கியது 1970இல்தான். ஜான் டைலர் உயர்நிலைப் பள்ளியை 1973இல் மாநில வாகையர் பட்டத்துக்குக் கேம்பல் அழைத்துச் சென்றார். அந்தப் பருவத்தில் அப்பள்ளி ஓர் ஆட்டத்திலும் தோற்கவில்லை. அடுத்த ஆண்டு ஆஸ்டினில் டெக்சாஸ் பல்கலைக்கழகம். 1969இல் தேசிய வாகை சூடிய அந்தப் பல்கலைக்கழக அணியில் ஒரு கறுப்பின வீரர்கூட இல்லை என்பதை நினைத்துப் பார்த்தால், ஐந்தே ஆண்டுகளில் கேம்பல் அங்கே போய் நின்றது எவ்வளவு பெரிய மாற்றம் என்பது தெரியும்.

பல்கலைக்கழகக் காலத்தில் 1976ஆம் ஆண்டைக் கவனிக்க வேண்டும். தொடையின் பின்தசைக் காயத்தால் அந்தப் பருவம் அவருக்கு 653 யார்டோடு முடிந்தது. அடுத்த ஆண்டு பயிற்சியாளர் பொறுப்புக்கு வந்த ஃபிரெட் ஏக்கர்ஸ் அவரை எடை குறைக்கச் சொன்னார். ஆட்ட அமைப்பையும் மாற்றினார். 1977இல் 1,744 யார்டு. கல்லூரி ஆட்டத்தின் உச்ச விருதான ஹைஸ்மன் கோப்பையும் வந்தது. காயம் பட்ட உடலுக்கு ஏற்ற எடையும் ஏற்ற அமைப்பும் கொடுத்தால் அது மலரும் என்பதற்கு அவர் வாழ்க்கையிலேயே இப்படி ஒரு சான்று இருந்தது. தொழில்முறை ஆண்டுகளில் யாரும் அதைத் திரும்பிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

கல்லூரி வீரர்களைத் தொழில்முறை அணிகள் முறைவைத்து எடுத்துக்கொள்ளும் 1978ஆம் ஆண்டின் வீரர் தேர்வில் முதல் உரிமை டாம்பா பே அணியிடம் இருந்தது. ஜிம்மி ஜைல்ஸ் என்ற வீரரையும் பல தேர்வு உரிமைகளையும் கொடுத்து ஆயிலர்ஸ் அதை வாங்கியது. ஒரே மனிதருக்காகக் கொடுத்த விலை அது.   கேம்பல் தனக்கு வந்த பணத்தில் முதலில் செய்த காரியங்களில் ஒன்று தாய்க்குப் புதிய வீடு கட்டிக் கொடுத்தது.

எண்கள் சொல்வது

ஆயிலர்ஸ் அணிக்கு வந்த முதல் நான்கு ஆண்டுகளில் அவர் சுமந்த கணக்கு இது. 1978இல் 302 கேரி, 1,450 யார்டு. 1979இல் 368 கேரி, 1,697 யார்டு. 1980இல் 373 கேரி, 1,934 யார்டு. 1981இல் 361 கேரி, 1,376 யார்டு. மொத்தம் 1,404 கேரி, 6,457 யார்டு. அவருடைய முழு வாழ்நாள் கணக்கு 2,187 கேரி, 9,407 யார்டு, 74 டச் டவுன். அதாவது எட்டுப் பருவ வாழ்க்கையின் யார்டுகளில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் முதல் நான்கு பருவங்களிலேயே தீர்ந்துவிட்டது.

இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. தொழில்முறை அணிகளின் லீக்கான என்.எஃப்.எல். தன் பருவத்தை 14 ஆட்டங்களிலிருந்து 16 ஆட்டங்களாக நீட்டியது 1978இல், அவர் நுழைந்த அதே ஆண்டில். ஆண்டுக்கு இரண்டு ஆட்டம் கூடுதல் என்பது காகிதத்தில் சிறியது. ஆட்டத்துக்கு இருபத்தைந்து முறை பந்து வாங்குபவருக்கு அது ஐம்பது மோதல்.

1980ஐக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். காயத்தால் ஓர் ஆட்டம் தவறியது. மீதி 15 ஆட்டங்களில் 373 கேரி. ஆட்டத்துக்கு ஏறத்தாழ 25. நான்கு ஆட்டங்களில் 200 யார்டைத் தாண்டினார். ஒரு பருவத்தில் அதுவரை எவரும் செய்யாதது. 1973இல் ஓ. ஜே. சிம்ப்சன் ஓடிய 2,003 யார்டுக்கு அடுத்தபடியாக அன்றைய வரலாற்றில் இரண்டாவது பெரிய பருவம் அது. கேரி ஒன்றுக்கு 5.2 யார்டு. அடுத்த ஆண்டு கிட்டத்தட்ட அதே எண்ணிக்கையில் பந்து வாங்கினார். ஆனால் கேரி ஒன்றுக்கு 3.8 யார்டுதான் வந்தது. ஒரே ஆண்டில் இப்படி ஒரு சரிவு. 26 வயதில்.

நான் இதைச் சரிவின் தொடக்கமாக எடுத்துக்கொள்கிறேன். அப்போது யாரும் அப்படிப் பார்க்கவில்லை. 1,376 யார்டு என்பது எந்த அணிக்கும் நல்ல ஆண்டு; நாளிதழின் புள்ளிவிவரப் பட்டியலில் அது பளிச்சென்று தெரியும். அதே 1981இல் டெக்சாஸ் சட்டமன்றம் அவரை மாநில வீரராக (ஸ்டேட் ஹீரோ) அறிவித்தது. அவருக்கு முன் அந்தப் பெருமையைப் பெற்ற மூவர் டேவி கிராக்கெட், சாம் ஹூஸ்டன், ஸ்டீபன் ஆஸ்டின். மூவரும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் டெக்சாஸ் உருவாக்கத்தோடு கலந்த பெயர்கள். கால் தளரத் தொடங்கிய ஆண்டில் அவரைச் சிலை பீடத்தில் ஏற்றினார்கள்.

பிட்ஸ்பர்க் என்ற சுவர்

ஆயிலர்ஸ் ஏன் ஒரே ஆளை இவ்வளவு நம்பியது? அணியின் பயிற்சியாளர் பம் பிலிப்ஸ். பெரிய தொப்பி, பூட்ஸ் அணிந்த, வீரர்களைப் பிள்ளைகள்போல நடத்திய மனிதர். அவர் இடத்தில் இருந்து பார்த்தால் விடை எளிது. கேம்பல் வருவதற்கு முந்தைய ஆண்டு அணி 8 வெற்றி, 6 தோல்வி. அவர் வந்த ஆண்டு 10 வெற்றி. பிறகு இரண்டு முறை 11. நகரமே அந்த அணியைக் கொண்டாடியது. எதிரில் வழியை மறித்து நின்றது ஒரே ஒரு அணி, பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ். லீகின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலுக்கு ஒரு படி முன்னதாக அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகள் அதனிடம் ஆயிலர்ஸ் தோற்றது. 1979 ஜனவரியில் 34-5. கேம்பல் 22 கேரியில் 62 யார்டு. 1980 ஜனவரியில் 27-13. அவர் 17 கேரியில் 15 யார்டு.

அந்த 15 யார்டுக்கு எட்டு நாள் முன்பு நடந்ததைப் பலர் மறந்துவிட்டார்கள். 1979 டிசம்பர் 29 அன்று சான் டியாகோவில் நடந்த வெளியேற்றுச் சுற்று ஆட்டத்தில் கேம்பல் காயத்தால் ஆடவில்லை. பந்தை எறியும் குவார்ட்டர்பேக் டான் பஸ்டோரினியும் ஆடவில்லை. ஆயிலர்ஸ் 17-14 என்று வென்றது. வெர்னன் பெரி என்ற தடுப்பாளர் எதிரணி எறிந்த பந்துகளில் நான்கை இடைமறித்துப் பிடித்தார். கேம்பல் இல்லாமலும் ஒரு நாள் ஜெயிக்கலாம் என்று அந்த ஆட்டம் காட்டியது. ஒரு வாரம் கழித்துக் காயம் ஆறியும் ஆறாமலும் அவர் களம் இறங்கினார். அவருக்கு அடுத்த பருவத்தில் கேரி குறையவில்லை. 368 என்பது 373 ஆனது.

1980 பருவத்தின் முடிவில் முதல் வெளியேற்றுச் சுற்றிலேயே அணி தோற்றதும், டிசம்பர் 31 அன்று பிலிப்ஸ் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். அதன்பின் அணி சரிந்தது. 1982இல் வீரர்கள் வேலைநிறுத்தத்தால் சுருங்கிய பருவத்தில் ஒரே ஒரு வெற்றி. 1983இல் 2 வெற்றி, 14 தோல்வி. அந்தத் தோல்வி ஆண்டிலும் கேம்பல் 322 கேரியில் 1,301 யார்டு ஓடினார். வாழ்நாள் கணக்கில் இந்த எண்ணைத்தான் நான் அதிகம் மதிக்கிறேன். பட்டமும் இல்லை, நம்பிக்கையும் இல்லை. ஆனாலும் அவர் ஓடிக்கொண்டிருந்தார்.

கேரி எண்ணிக்கை மட்டும்தானா?

இப்போது அந்த ஒற்றை வரி விடைக்கு வருவோம். அதிக கேரி உடலைக் கெடுக்கும் என்பதற்குச் சாட்சிகள் உண்டு. 2006இல் கான்சஸ் சிட்டி அணியின் லாரி ஜான்சன் 416 கேரி ஓடினார். ஒரு பருவத்துக்கு அதுவே சாதனை. அடுத்த ஆண்டு பாதியில் பாதத்தில் காயம் பட்டு விழுந்தார். பழைய ஓட்டம் திரும்பவே இல்லை. டென்வரின் டெரல் டேவிஸ் 1998இல் 392 கேரியில் 2,008 யார்டு. 1999இல் நான்காவது ஆட்டத்தில் முழங்கால் போனது.

ஆனால் எதிர்ச்சாட்சிகளும் அதே கனத்தோடு நிற்கின்றன. கேம்பலின் காலத்திலேயே சிகாகோவில் ஓடிய வால்டர் பேட்டன் 13 பருவங்களில் 3,838 கேரி சுமந்தார். மொத்தத்தில் ஓர் ஆட்டத்தை மட்டுமே தவறவிட்டார். ஆயிலர்ஸ் பின்னாளில் டென்னசிக்கு இடம்பெயர்ந்து டைட்டன்ஸ் ஆனது. அந்த அணியின் டெரிக் ஹென்றி கேம்பலைவிடப் பெரிய உருவம். அவர் 2020இல் 378 கேரியில் 2,027 யார்டு ஓடினார். 2021இல் எட்டு ஆட்டங்களில் 219 கேரி, பிறகு பாத எலும்பு முறிவு. கதை முடிந்தது என்று எண்ணியவர்கள் பலர். 2024இல், 30 வயதில், பால்டிமோர் அணிக்காக அவர் 1,921 யார்டு ஓடினார். கேம்பலின் உச்ச ஆண்டுக்குப் பதின்மூன்று யார்டு குறைவு. கேம்பலோ 30 வயதில் ஆட்டத்தின் விளிம்பில் இருந்தார்.

ஆக, எண்ணிக்கை மட்டும் கொன்றுவிடவில்லை. ஓடிய விதத்தைப் பார்க்க வேண்டும். கேம்பலின் உயரம் 5 அடி 11 அங்குலம், எடை 105 கிலோ, தொடைகள் மரத்தூண் போல. விலகி ஓட இடமிருந்தாலும் அவர் மோதிக்கொண்டு போகிறவர். 1978இல் லாஸ் ஏஞ்சலிஸ் ராம்ஸ் அணியின் தடுப்பாளர் ஐசையா ராபர்ட்சனின் மார்பில் தலையால் முட்டி அவரை மல்லாக்கத் தள்ளிவிட்டுப் போன காட்சி இன்றும் பார்க்கக் கிடைக்கிறது. அதே ஓட்டத்தில் பின்னால் துரத்தியவர்கள் இழுத்ததில் அவருடைய சட்டை கிழிந்து தொங்கியது. ஓக்லண்டின் ஜாக் டேட்டம் லீகிலேயே மிகக் கடுமையாக மோதுபவர் என்று பெயரெடுத்தவர். எல்லைக்கோட்டருகே அவர் கேம்பலை நேருக்கு நேர் முட்டினார்; கேம்பல் தள்ளாடி, பின்பக்கமாகவே எல்லைக்குள் போய் டச் டவுன் எடுத்தார்.

இந்தக் காட்சிகளைப் பார்த்துக் கைதட்டாமல் இருப்பது கடினம். நானும் தட்டியிருக்கிறேன். ஆனால் இதை ஆய்வாகப் பார்க்கும்போது கேட்க வேண்டியது வேறு: முட்டியவருக்கு விழுந்த அடி என்ன? ராபர்ட்சன் விழுந்த விசை கேம்பலின் கழுத்துக்கும் முதுகுத்தண்டுக்கும் போகாமல் வேறெங்கும் போயிருக்க முடியாது. ஒரு ராபர்ட்சன் அல்ல, வாரத்துக்கு இருபத்தைந்து. அதுவும் அவருடைய சொந்த மைதானம் செயற்கைப் புல் விரித்தது. அந்த வகைப் புல்லுக்கு ஆஸ்ட்ரோடர்ஃப் என்று பெயர் வந்ததே இந்த ஆஸ்ட்ரோடோமிலிருந்துதான். விழும்போது மண் வாங்கிக்கொள்ளும் அதிர்ச்சியை அந்தத் தரை வாங்கிக்கொள்ளாது.

2013இல் லீக் ஒரு விதி கொண்டுவந்தது. திறந்த வெளியில் ஓடுபவர் தலைக்கவசத்தின் உச்சியைக் குனித்து எதிராளியை முட்டினால் 15 யார்டு தண்டனை. கேம்பலின் புகழ்பெற்ற ஓட்டங்களில் சில இன்றைய விதியில் தவறுகள். அவருக்குப் பிறகு ஒரு தலைமுறை கழிந்துதான் அந்த விதி வந்தது.

ஆட்டத்துக்குப் பிறகு

ஓய்வுக்குப் பின் அவருக்கு வந்தவை ஒவ்வொன்றாக வந்தன. திடீர் பீதித் தாக்குதல்கள் வாட்டின. அதைப் பற்றி வெளிப்படையாகப் பேசிய முன்னாள் வீரர்களில் அவர் ஒருவர். கைகளிலும் முழங்கால்களிலும் மூட்டுவாதம். கால் நரம்புகள் பழுதாகிப் பாதத்தைத் தூக்கி வைக்க முடியாத நிலை. 2009இல் முதுகுத்தண்டுக் கால்வாய் சுருங்கியிருப்பது கண்டறியப்பட்டது. வலிக்காக எடுத்த மாத்திரைகள் பழக்கமாகி அடிமைத்தனமாக மாறின. அதே 2009இல் அவர் சிகிச்சை மையத்தில் சேர்ந்து அதிலிருந்து மீண்டார். அதை மறைக்காமல் சொன்னார். சட்டமன்றம் தந்த பட்டத்தைவிட அந்தத் துணிச்சலுக்காகவே அவரை வீரர் என்று அழைக்கத் தோன்றுகிறது.

நெடுங்காலம் அவர் ஆட்டத்தைக் குறை சொல்லவில்லை. தன் நோய்களில் ஒரு பகுதியாவது பரம்பரையாக வந்தது என்றே சொல்லிவந்தார். 2012இல்தான், சிலவாவது தான் ஆடிய விதத்தால் வந்திருக்கும் என்று ஒப்புக்கொண்டார். இந்த இரண்டு கூற்றையும் ஆய்வாளன் தட்டிக்கழிக்க முடியாது. பிறவியிலேயே முதுகுத்தண்டு இடுக்கமானவர் அதே ஆட்டத்தை ஆடினால் மற்றவரைவிட விரைவில் கெடுவார். பேட்டனுக்கும் ஹென்றிக்கும் கிடைத்தது இவருக்குக் கிடைக்காமல் போனதற்கு அதுவும் காரணமாக இருக்கலாம். ஆனால் அப்படியென்றால் பழி குறைவதில்லை, கூடுகிறது. ஆண்டுக்கு 370 முறை மோதவிடும் முன்பு அந்த முதுகைப் பற்றி யார் கேட்டிருக்க வேண்டும்? யார்டுகளை எண்ண ஆள் இருந்தது. வாங்கிய அடிகளை எண்ண யாரும் இல்லை.

இன்று நிலைமை மாறியிருக்கிறது, பாதி. 2023இல் லீகிலேயே அதிக கேரி ஓடியவர் ஹென்றிதான், எண்ணிக்கை 280. அணிகள் இரண்டு மூன்று பேருக்குப் பந்தைப் பிரித்துக் கொடுக்கின்றன. ஆனால் அதற்கான காரணம் பெரும்பாலும் கருணை அல்ல. பந்தை எறிவது அதிகப் பலன் தருகிறது, ஓடுபவரை மலிவாக மாற்றிக்கொள்ளலாம் என்ற கணக்கு. ஊதியம் போதவில்லை என்று 2018 பருவம் முழுவதும் களம் இறங்காமல் இருந்த பிட்ஸ்பர்க்கின் லீவியன் பெல்லைப் பேராசைக்காரர் என்று திட்டியவர்கள் உண்டு. கேம்பலின் முழங்கால்களைப் பார்த்துவிட்டு அவரைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை.

பிலிப்ஸ் மீது முழுப் பழியையும் போடுவது எளிது. நான் போட மாட்டேன், விடுவிக்கவும் மாட்டேன். அவர் கேம்பலை நேசித்தார், கேம்பலும் அவரைத் தந்தைபோல் நினைத்தார். அந்த நேசம்தான் இங்கே சிக்கல். ஓட மறுக்காத பிள்ளையும், கேட்கக் கூசாத தந்தையும். 1984இல் ஆயிலர்ஸ் அவரை விற்றபோது, ஒரு முதல் சுற்றுத் தேர்வு உரிமையைக் கொடுத்து வாங்கியவர் அப்போது நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் அணியின் பயிற்சியாளராக இருந்த இதே பிலிப்ஸ். ஹைஸ்மன் வென்ற இன்னொரு ரன்னிங் பேக், ஜார்ஜ் ராஜர்ஸ், ஏற்கனவே அந்த அணியில் இருந்தார். தேவையைவிடப் பழைய பாசமே அந்தப் பேரத்தை நடத்தியது என்று தோன்றுகிறது.

1985 நவம்பர் 24, மினசோட்டாவில் ஆட்டம். முப்பது வயது, தேய்ந்த முழங்கால்கள், அந்தப் பருவத்தில் ஒரு முறைகூட நூறு யார்டைத் தொடாத ஓட்டக்காரர். அன்று பிலிப்ஸ் அவருக்கு 35 முறை பந்தைக் கொடுக்க வைத்தார். கேம்பல் 35 முறையும் வாங்கிக்கொண்டு 160 யார்டு ஓடினார்; செயின்ட்ஸ் 30-23 என்று வென்றது. மறுநாள் பிலிப்ஸ் பதவி விலகினார். அடுத்த ஆகஸ்டில், புதிய பருவம் தொடங்கும் முன், கேம்பலும் ஓய்வை அறிவித்தார்.